வைரத்தின் உறுதியும் துணிக்கைப் பௌதிகமும்

வைரம் என்றதும் அணிகலனே நினைவிற்கு வருதல் உலகியல்பு. அதன் ஒளியை விரும்புவோர் பலர்; பௌதிக அறிஞரோ அதன் உறுதியை நாடுகின்றனர். அணுவினும் நுண்ணிய துணிக்கைகளைக் கண்டறியும் உணர்கருவிக்கு வைரம் எவ்வாறு பயன்படுகின்றது என்பதை ஈண்டு நோக்குவாம்.

ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள பெரிய ஹாத்திரன் மோதுபொறி 2008 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. புரோத்தன் கற்றைகள் மோதுமிடத்தை அடுத்துச் சூழ்ந்திருக்கும் உணர்கருவிகள் பெரும்பாலும் சிலிக்கனால் ஆனவை. துணிக்கையொன்று சிலிக்கனை ஊடுருவுங்கால் இலத்திரன்களும் துளைகளும் சோடிகளாக விடுபடும். அவற்றை மின்னழுத்தத்தால் ஈர்த்துச் சேர்த்தால் மின்குறிப்புத் தோன்றும். ஆனால், கதிர்வீச்சு நெடுங்காலம் தாக்குவதால் சிலிக்கன் அணுக்கள் தம்மிடம் விட்டுப் பெயர்கின்றன. பழுதுற்ற இடங்கள் மின்னேற்றங்களைச் சிறைப்படுத்தும். வீண் மின்னோட்டமும் பெருகும். அதனை அடக்கக் கருவியை உறைநிலைக்குக் கீழே குளிர்விக்க நேரிடுகின்றது.

வைரத்தில் காபன் அணுக்கள் மிக இறுகப் பிணைந்துள்ளன. ஓரணுவைப் பெயர்க்க ஏறக்குறைய 43 இலத்திரன்வோல்ற்றுச் சத்தி வேண்டும். சிலிக்கனுக்கு அதனினும் மிகக் குறைந்த சத்தியே போதும். வைரத்தின் சத்தி இடைவெளி 5.5 இலத்திரன்வோல்ற்று, சிலிக்கனுடையது 1.1 மாத்திரமே. ஆதலின், அறை வெப்பநிலையிலும் வைரத்தில் வீண் மின்னோட்டம் மிக அற்பம்.

எனினும், இக்குணமே குறையுமாகின்றது. ஒரு சோடியை விடுவிக்கச் சிலிக்கனில் 3.6 இலத்திரன்வோல்ற்றுப் போதும். வைரத்திலோ 13 வேண்டும். எனவே, துணிக்கை கடக்கும் ஒவ்வொரு மைக்ரோன் தூரத்திலும் வைரத்தில் சுமார் 36 சோடிகளே கிடைக்கின்றன. எளிதிற் சிதையாத பொருள் எளிதிற் பேசுவதுமில்லை. அம்மெல்லிய குரலை இழக்காது கேட்பதே ஆராய்ச்சியின் நோக்கமாயிற்று.

இதற்கென 1994 ஆம் ஆண்டில் சேர்னில் ஆர்.டி. 42 என்னும் கூட்டாய்வு தொடங்கப்பட்டது. இயற்கை வைரம் மாசும் குறையும் உடையது. கல்லுக்குக் கல் வேறுபடுவது. செயற்கை வைரமோ ஐதரசனுடன் சிறிதளவு மெதேன் கலந்து, நுண்ணலையால் அயனாக்கி, படலமாகப் படியவைத்து வளர்க்கப்படுகின்றது. முதலிற் படிவன சிறு பளிங்குகள். அவற்றின் எல்லைகளில் மின்னேற்றங்கள் சிக்குண்ணும். மேலே செல்லச் செல்லப் பளிங்குகள் பருக்கும். எனவே, தாழ்ந்த அடிப்பாகம் தேய்த்து நீக்கப்படும். இத்தகைய முயற்சிகளால் மின்னேற்றம் சேர்க்கப்படும் தூரம் சில பத்து மைக்ரோன்களிலிருந்து 200 மைக்ரோனுக்கு மேல் உயர்ந்தது.

கதிர்வீச்சு மிகின் வைரமும் பழுதுறும். மின்னேற்றங்கள் நெடுந்தூரம் செல்லா. அதனால், லேசர் ஒளியால் வைரத்தினுள்ளேயே மெல்லிய காரீயத் தூண்களை ஆக்கி, அவற்றை மின்வாய்களாகக் கொள்ளும் முறையும் ஆராயப்பட்டது. மின்னேற்றம் செல்லவேண்டிய தூரம் இதனாற் குறையும்.

அற்லஸ் பரிசோதனையில் வைரம் காவற்பணி ஏற்றது. மோதுமிடத்தின் இருபுறமும் 1.84 மீற்றர் தொலைவில் வைர உணர்கருவிகள் வைக்கப்பட்டன. மோதலிற் பிறந்த துணிக்கைகள் இருபுறத்தையும் ஒருங்கே அடையும். வழிதவறிய கற்றையின் துணிக்கைகளோ ஒருபுறத்தை முன்னரும், மறுபுறத்தை ஏறத்தாழ 12 நானோ செக்கன் கழித்தும் அடையும். இவ்வேறுபாட்டால் அபாயம் உணரப்படும். விலைமதிப்பற்ற கருவிகள் எரியுமுன் கற்றையை வெளியேற்றுதல் கூடும்.

விலையும் வளர்ப்பதன் அருமையும் காரணமாக வைரம் சிலிக்கனை முற்றாக அகற்றவில்லை. ஆயினும், பிற பொருள்கள் நிலைத்தற்கரிய இடத்தில் நின்று அவற்றைக் காத்தல் அதன் கடனாயிற்று. வைரத்தின் மதிப்பு அணிகலனோடு முடிவதன்று என்பதற்கு இஃதொரு சான்றாகும்.