பூட்டில்லாத சில்லுகள்

மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரே சிலிக்கன் சில்லுக்குள் அடங்கிய சிறு கணினி. செயலி, நிரலும் தரவும் தங்கும் நினைவகங்கள், டைமர், வெளியுலகோடு இணைக்கும் போர்ட்டுகள் எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. சென்சார் தரும் அளவைப் படிக்கும், நிரல்படி முடிவெடுக்கும், மோட்டாரையோ விளக்கையோ இயக்கும். இப்படி ஒரு கருவிக்குள் அமர்ந்து அதை மட்டுமே நடத்தும் ஏற்பாடு எம்பெடட் சிஸ்டம்.

இந்தச் சில்லின் பிறப்பிடம் டெக்சாஸ். 1971-இல் கால்குலேட்டருக்காக உருவான வடிவமைப்பிலிருந்து வளர்ந்த டிஎம்எஸ் 1000, 1974-இல் விற்பனைக்கு வந்தது. 4 பிட் செயலி, 1 கிலோபைட் நிரல் நினைவகம், 32 பைட் தரவு நினைவகம், அவ்வளவுதான். 1980-இல் கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதி தந்த 8051, 8 பிட்டும் 4 கிலோபைட்டும் கொண்டது. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் லேபில் இன்றும் பழகும் சில்லு அது.

தொடக்ககாலச் சில்லுகளில் நிரல் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டது. பிழை தெரிந்தால் சில்லையே மாற்ற வேண்டும். வெளியாளும் அதில் கைவைக்க முடியாது. 1993-இல் ஃப்ளாஷ் நினைவகத்தோடு 8051 வகைச் சில்லு வந்தபின், அழித்து எழுதுவது எளிதாயிற்று. பிறகு வைஃபை சேர்ந்தது. பூட்டு மட்டும் சேரவில்லை.

எம்பெடட் கருவிகளில் பூட்டில்லாததன் விளைவு 2016-இல் தெரிந்தது. மிராய் என்ற தீநிரல், லினக்ஸ் ஓடும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடி, தொழிற்சாலை வைத்த சுமார் 60 கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டே உள்ளே நுழைந்தது. அதை எழுதிய மூன்று இளைஞர்களில் ஒருவர் நியூ ஜெர்சிக்காரர். மூவரும் 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஆனால் நிரல் அதற்கு முன்பே பொதுவில் வெளியாகிவிட்டது. 2016 அக்டோபர் 21 அன்று மிராய் தொற்றிய கருவிகள் வழியான தாக்குதல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பெரிய இணையதளங்களை முடக்கியது. கருவியை அணைத்துப் போட்டால் மிராய் மறையும். கடவுச்சொல் மாறாவிட்டால் மீண்டும் தொற்றும்.

2020 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியச் சட்டம், இணையக் கருவி ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும், இல்லையேல் முதல் பயன்பாட்டிலேயே பயனரைப் புதிதாக வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. பாதுகாப்பு கூடினால் விலையும் கூடும் என்பது உற்பத்தியாளர் தரப்பு வாதம். புதிய மைக்ரோகன்ட்ரோலர்கள் பலவற்றில், கையொப்பம் சரிபார்த்த நிரலை மட்டுமே ஓடவிடும் வசதி சில்லிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது கருவி செய்பவர் கையில். சுவரில் மாட்டிய தெர்மோஸ்டாட் பத்தாண்டு உழைக்கும். அதற்கு எத்தனை ஆண்டு அப்டேட் தர வேண்டும் என்பதைக் கலிஃபோர்னியச் சட்டம் வரையறுக்கவில்லை.