படுத்துக்கொண்டு பறக்க எந்த விமானம்?

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. நியூயார்க்கில் இருக்கும் மகன் வீட்டுக்கோ டல்லாஸில் இருக்கும் மகள் வீட்டுக்கோ போகும் பெற்றோர் வழியில் எங்காவது இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து கணக்குப் போட்டால் ஒரு முழு நாள் போய்விடும். எழுபது வயதில், மூட்டு வலியோடு, முழங்கால் முன் சீட்டில் இடிக்க அவ்வளவு நேரம் உட்கார்ந்து போவது உடம்பை வாட்டிவிடும். அதனால்தான் "இந்தத் தடவையாவது பிசினஸ் கிளாஸில் போட்டுவிடலாமா?" என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது. பேச்சு எழுந்த கையோடு வரும் கேள்வி, எந்த ஏர்லைன்ஸ் நல்லது என்பது.

கேள்வியை அப்படிக் கேட்டால் பணம் வீணாக வாய்ப்பு அதிகம். ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானங்களில் இரண்டு விதமான பிசினஸ் கிளாஸ் இருக்கும். எமிரேட்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் ஏ380 விமானத்தின் மாடியில் பிசினஸ் இருக்கைகள் 1-2-1 என்ற வரிசையில் இருக்கின்றன; எண்களுக்கு நடுவில் உள்ள கோடு நடைபாதையைக் குறிக்கும். யாரையும் தாண்டாமல் எழுந்து கழிவறைக்குப் போகலாம். அதே எமிரேட்ஸின் பழைய 777 விமானத்தில் வரிசை 2-3-2. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய டிக்கெட்டில் நடு சீட்டு மாட்டலாம். ஜன்னல் சீட்டில் இருப்பவர் எழுந்தால் பக்கத்தில் படுத்திருப்பவரைத் தாண்ட வேண்டும். 2024 முதல் இந்த 777களை ஒவ்வொன்றாக 1-2-1 ஆக மாற்றிவருகிறார்கள். டர்கிஷ் ஏர்லைன்ஸின் 777களிலும் 2-3-2 வரிசை உண்டு. கத்தார் ஏர்வேஸ் 2017இல் கொண்டுவந்த, கதவு வைத்த கியூசூட் மிகவும் பேசப்பட்டது. ஆனால் அது அந்த நிறுவனத்தின் எல்லா விமானங்களிலும் கிடையாது. 787-8இல் ஏறுகிறவர் கதவைத் தேடி ஏமாந்துபோவார்.

லுஃப்தான்சாவின் பழைய பிசினஸ் கேபினில் வரிசை 2-2-2. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் படுத்தால் இருவரின் கால்களும் ஒரு முனையில் கிட்டத்தட்டச் சேர்ந்துவிடும். கணவன் மனைவிக்கு இது தொந்தரவே இல்லை. தனியாகப் போகும் அம்மாவுக்குப் பக்கத்தில் முகம் தெரியாதவர் வந்தால் சங்கடம். அல்லெக்ரிஸ் என்ற புதிய கேபினை அந்த நிறுவனம் 2024 மே மாதம் மியூனிக்கிலிருந்து தொடங்கியது. ஏர் இந்தியாவிலும் இதே கதைதான்: 2024இல் பறக்கத் தொடங்கிய ஏ350இல் கதவோடு கூடிய 1-2-1, சீரமைக்கப்படாத 787-8இல் 2-2-2.

ஆகவே நிறுவனத்தின் பெயருக்கு முன்னால் விமானத்தின் வகையைப் பார்க்க வேண்டும். டிக்கெட் தேடும் பக்கத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் கீழே 'விவரங்கள்' என்ற இடத்தைத் திறந்தால் வகை எழுதியிருக்கும். சில இடங்களில் குறியீடாக இருக்கும். 359 என்றால் ஏ350-900. 788, 789 என்றால் 787இன் இரண்டு அளவுகள். 77டபிள்யூ என்றால் 777-300இஆர். 333 என்றால் ஏ330-300. அடுத்து இருக்கை வரைபடத்தைத் திறந்து, ஒரு வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு என்றால் நிம்மதி. ஆறு என்றால் யோசிக்கலாம். ஏழு என்றால் விலை நன்றாக இறங்கியிருந்தால் மட்டும் வாங்கலாம். ஏஜென்ட் மூலம் வாங்குகிறவர்கள் "எந்த ஏர்கிராஃப்ட், லேஅவுட் என்ன?" என்று கேட்டால் போதும், விஷயம் தெரிந்த ஏஜென்ட் உடனே சொல்லிவிடுவார். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்பதால், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இருக்கைக்கு அடுத்தது தூக்கம். பிசினஸ் கிளாஸில் சாப்பாடு, லவுஞ்ச், தனி வரிசை எல்லாம் உண்டு. என்றாலும் வயதானவர்களுக்கு அந்த விலையில் கிடைக்கும் உண்மையான பொருள், காலை நீட்டிப் படுத்துத் தொடர்ந்து தூங்கும் நேரம் ஒன்றுதான். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000இல் பிசினஸ் கிளாஸில் முழுக்கத் தட்டையாகும் படுக்கையைக் கொண்டுவந்த பிறகுதான் மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். அந்தத் தூக்க நேரம் எந்த ஊர் வழியாகப் போகிறோம் என்பதைப் பொறுத்து மாறும்.

வளைகுடா வழியை முதலில் பார்ப்போம். சென்னையிலிருந்து துபாய், தோஹா, அபுதாபிக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். விடியற்காலை விமானம் என்றால் சாப்பாடு போக மிஞ்சுவது இரண்டு மணி நேரத் தூக்கம். அங்கே இறங்கி, மறுபடியும் ஏறினால் நியூயார்க்குக்கு சுமார் பதினான்கு மணி நேரம், டல்லாஸுக்கு அதற்கும் மேல். ஐரோப்பா வழியில் நேரம் இரண்டு துண்டாகச் சமமாகப் பிரிகிறது: பிராங்க்பர்ட்டுக்குச் சுமார் பத்து மணி நேரம், அங்கிருந்து நியூயார்க்குக்கு எட்டரை, ஒன்பது. நள்ளிரவு தாண்டிச் சென்னையில் ஏறுகிறவருக்கு அந்தப் பத்து மணி நேரம் ஒரு முழு இரவு. போகும்போது ஐரோப்பா வழி வசதி என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

திரும்பும்போது கணக்கு தலைகீழாகிவிடும். அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏழு மணி நேரம்தான். மாலையில் ஏறி, சாப்பிட்டுக் கண்ணயர்வதற்குள் காலை உணவோடு எழுப்பிவிடுவார்கள். வளைகுடாவுக்கு நேராக வரும் இரவு விமானமோ பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கும். அதில் எட்டு மணி நேரம் அசையாமல் தூங்கலாம். கிழக்கு நோக்கிப் பறக்கும்போது உடம்பின் கடிகாரம் பழக அதிக நாள் பிடிக்கும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பிசினஸ் கிளாஸ் கட்டுப்படியாகாது என்றால் போகும்போது எகானமி, வரும்போது பிசினஸ் என்று ஒரே டிக்கெட்டில் கலந்து வாங்கலாம். ஒருவழி டிக்கெட் பல நிறுவனங்களில் இருவழியின் பாதியை விட அதிகம் என்பதால், தனித்தனியாக வாங்காமல் இப்படிச் சேர்த்து வாங்குவதே மலிவு. மேற்குக் கரைக்குப் போகிறவர்கள் சிங்கப்பூர், ஹாங்காங் வழியையும் விட்டுவிடாமல் ஒப்பிட வேண்டும்.

இனி விலை. விமானக் கட்டணம் தூரத்தைப் பார்த்து வைக்கப்படுவதில்லை. லண்டனுக்குச் சென்னையிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேராகப் பறக்கிறது. நேரம் மிச்சமாகிறது என்பதால் கம்பெனிக் கணக்கில் போகிறவர்கள் அதிக விலை கொடுத்தும் அதில் ஏறுவார்கள். துபாய், தோஹா, கொழும்பு வழியாகக் கொண்டுபோகும் நிறுவனங்கள் அதே பயணியைத் தம் பக்கம் இழுக்க வேண்டுமானால் விலையைக் குறைத்தாக வேண்டும். கூடுதலாக ஒரு விமானம் ஏறியும் டிக்கெட் மலிவாக இருப்பதன் காரணம் இதுதான். கேபினுக்குள்ளேயும் ஒரே விலை இல்லை. ஜே, சி, டி, ஐ என்று எழுத்து வைத்துப் பல படிகளாகப் பிரித்து விற்கிறார்கள். மேல் படியில் தேதி மாற்றலாம், ரத்து செய்தால் பணம் வரும். கீழ்ப் படியில் அந்த வசதி குறையும். பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் ஒருவர் கொடுத்ததைப் போல இரு மடங்கு இன்னொருவர் கொடுத்திருப்பது சாதாரணம். கீழ்ப் படிகள் முதலில் தீர்ந்துவிடும். நம் பெற்றோர் கூட்டமாகக் கிளம்பும் மே, ஜூன் மாதங்களுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே பார்க்கத் தொடங்க வேண்டும்.

மிக மலிவாகத் தெரியும் பிசினஸ் டிக்கெட்டில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எமிரேட்ஸ் 2019இலும், கத்தார் 2020இலும், ஃபின்னேர் 2021இலும் சலுகைகளை உரித்தெடுத்த பிசினஸ் கட்டணங்களைக் கொண்டுவந்தன. படுக்கை அதே படுக்கைதான். லவுஞ்ச் இருக்காது. இருக்கையை முன்கூட்டித் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் கேட்கலாம். ஃபின்னேரின் குறைந்த கட்டணத்தில் செக்-இன் பெட்டிகூடச் சேராது. இடைவேளை இரண்டு மணி நேரம் என்றால் லவுஞ்ச் இல்லாதது பெரிய இழப்பில்லை. ஏழு மணி நேரக் காத்திருப்பு என்றால், முதியவர்களுக்கு அது பெரிய இழப்பு.

வரியையும் விட்டுவிடக் கூடாது. இந்தியாவிலிருந்து புறப்படும் பயணத்துக்கு எகானமியில் ஜிஎஸ்டி 5 சதவீதம். பிசினஸுக்கு 12 சதவீதமாக இருந்ததை 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆக உயர்த்திவிட்டார்கள். அடிப்படைக் கட்டணத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு 6,000 ரூபாய் கூடுதல். லண்டனிலிருந்து திரும்புகிறவர்களுக்கு பிரிட்டனின் விமானப் பயணி வரி காத்திருக்கிறது. இந்தியா அடங்கும் தூரப் பிரிவில் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை அது எகானமிக்கு 90 பவுண்ட், பிசினஸுக்கு 216 பவுண்டாக இருந்தது. மைல்ஸ் கொடுத்து எடுக்கும் 'இலவச' டிக்கெட்டிலும் பெரியவர்களுக்கு இந்த வரியும், பல நிறுவனங்களில் எரிபொருள் சர்சார்ஜும் கட்டத்தான் வேண்டும்.

மூன்று இடங்களில் தமிழ்நாட்டுப் பயணிகள் அதிகம் சிக்குகிறார்கள். முதலாவது, பாதி பிசினஸ். மொத்தமாகப் பிசினஸ் என்று விலை காட்டினாலும், கூட்டு நிறுவனத்தின் விமானத்தில் வரும் ஒரு பகுதி எகானமியாக இருக்கலாம். குறுகிய பகுதி அப்படி இருந்தால் பரவாயில்லை. நீண்ட பகுதி எகானமியாகிவிட்டால் வாங்கிய நோக்கமே போய்விடும். ஏர் இந்தியாவில் டெல்லி வழியாகப் போனால் சென்னை–டெல்லி சிறிய விமானத்தில் சாய்வு நாற்காலிதான், படுக்கை கிடையாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியதிலிருந்து டெல்லியிலிருந்து மேற்கே போகும் அந்த விமானங்கள் சுற்றிப் போக நேர்ந்தது என்பதையும் பயண நேரத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தனித்தனி டிக்கெட். கொழும்பிலிருந்து ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் லண்டனுக்கு நேராகப் பறக்கிறது. அதன் ஏ330-300இல் 1-2-1 படுக்கை உண்டு. சென்னையிலிருந்தே ஒரே டிக்கெட்டாக அது வாங்கக் கிடைக்கும்; அப்படி வாங்குவது நல்ல தேர்வு. கொழும்பில் தொடங்கும் டிக்கெட் இன்னும் மலிவு என்று அதைத் தனியாகவும், சென்னை–கொழும்பு டிக்கெட்டை இன்னொரு நிறுவனத்தில் தனியாகவும் எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய இலங்கைக்குள் நுழையும் அனுமதியும் வேண்டியிருக்கும். வீல்சேரில் போகும் பெற்றோரை இந்த வழியில் அனுப்பவே கூடாது.

மூன்றாவது, ஏலம். எகானமி டிக்கெட் வாங்கியவருக்கு 'பிசினஸுக்கு மாற எவ்வளவு தருவீர்கள்?' என்று மெயில் வரும். நாம் கேட்கும் ஏலத் தொகை பெரும்பாலும் ஒரு பகுதிக்கு மட்டும், ஓர் ஆளுக்கு மட்டும். ஏற்கப்பட்டால் பணம் திரும்ப வராது. நீண்ட பகுதிக்கு மட்டும் ஏலம் கேட்டு, நான்கு மணி நேரப் பகுதியை விட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஆனால் உட்காரவே முடியாத நிலையில் இருப்பவரை இதை நம்பி அனுப்ப முடியாது. கிடைக்காமலும் போகலாம்.

எல்லாம் பார்த்து வாங்கிய பிறகும் விமான நிலையத்தில் "பிசினஸில் இடம் இல்லை, எகானமியில் உட்காருங்கள்" என்று சொல்லும் நிலை எப்போதாவது வருகிறது. விமானம் மாறி இருக்கைகள் குறைந்தால் இப்படி நடக்கும். இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதி 2023 பிப்ரவரி 15 முதல் இதற்குக் கணக்குச் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டுப் பயணத்தில் வரி சேர்த்த டிக்கெட் விலையில் 1,500 கிலோமீட்டர் வரை 30 சதவீதம், 3,500 வரை 50 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். சென்னை–துபாய் நடுப்பிரிவில் வரும், சென்னை–பிராங்க்பர்ட் மேல்பிரிவில் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் 3,500 கிலோமீட்டருக்கு மேல் 75 சதவீதம் என்கிறது. அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது, கீழ் வகுப்பை மறுத்துப் பயணத்தை விட்டால் முழுப் பணமும், ஏற்றுப் பறந்தால் கட்டண வித்தியாசமும் கேட்கலாம். கவுன்டரில் வவுச்சர் நீட்டினால் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். வகுப்பு மாற்றப்பட்டதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பழைய டிக்கெட்டையும் புதிய போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்தச் சொல்லி அனுப்புங்கள். பணத்தைக் கேட்டு வாங்கும் வேலையை, பெற்றோர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைகள் செய்துகொள்ளலாம்.