ஆபீஸ் வைஃபையில் ‘ஃப்ரீ ப்ராக்ஸி’ ஏன் பிளாக் ஆகிறது?

மதிய இடைவேளை. ஆபீஸ் லேப்டாப்பில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால், ‘இந்தத் தளத்துக்கு அனுமதி இல்லை’ என்கிறது திரை. பக்கத்து சீட் நண்பர் ஒரு ‘ஃப்ரீ ப்ராக்ஸி’ தளத்தைச் சொல்கிறார். அதில் முகவரியைப் போட்டதும் ஸ்கோர் வந்துவிடுகிறது. அடுத்த வாரம் அந்த ப்ராக்ஸியும் பிளாக்! ஒரு ஸ்கோருக்காக ஐ.டி. டீம் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறது?

ப்ராக்ஸி என்ன செய்கிறது?

அது ஓர் இடைத்தரகர். நீங்கள் கேட்கும் பக்கத்தை அதன் சர்வர் போய் எடுத்துவந்து காட்டுகிறது. நீங்கள் ப்ராக்ஸி தளத்தில் இருப்பதுதான் ஆபீஸ் நெட்வொர்க்குக்குத் தெரியும். அங்கிருந்து எங்கே போனீர்கள் என்பது தெரியாது.

ஆபத்து எங்கே?

ஆபீஸிடம் மறைத்தது எல்லாம் ப்ராக்ஸி நடத்துபவருக்குத் தெரியும். எச்.டி.டி.பி.எஸ். பாதுகாப்பு உங்களிடமிருந்து ப்ராக்ஸி வரைக்கும்தான். அங்கே தகவல் பிரிக்கப்பட்டு, மறுபடி அனுப்பப்படுகிறது. அந்த வழியாக மெயிலில் லாகின் செய்தால், பாஸ்வேர்டைப் படிப்பதும் படிக்காததும் முகம் தெரியாத ஒருவரின் விருப்பம். அது ஆபீஸ் மெயிலாக இருந்தால், சிக்குவது உங்கள் கணக்கு மட்டுமல்ல.

இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு. ‘ஹோலா’ என்ற இலவச வி.பி.என். சேவை, தன் பயனர்களின் இணைய இணைப்பையே ‘லுமினாட்டி’ என்ற இன்னொரு சேவை வழியாக விற்றுவந்தது 2015-ல் பெரும் சர்ச்சையானது. யாரோ செய்யும் வேலைக்கு உங்கள் ஐ.பி. முகவரி பயன்பட்டால், கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும்.

எப்படி பிளாக் செய்கிறார்கள்?

* பட்டியல்: தெரிந்த ப்ராக்ஸி தளங்களை ஃபயர்வால் நிறுவனங்கள் தனி வகையாகத் தொகுத்து வைத்திருக்கின்றன. அந்த வகையை மொத்தமாகத் தடுக்கலாம்.

* புதிய தளங்கள்: ப்ராக்ஸிகள் பெயர் மாற்றி முளைத்துக்கொண்டே இருக்கும். அதனால் புதிதாகப் பதிவான, வகைப்படுத்தப்படாத தளங்களையும் சில நிறுவனங்கள் தடுக்கின்றன.

* பெயர் பார்த்தல்: எச்.டி.டி.பி.எஸ். இணைப்பு தொடங்கும்போது, பெரும்பாலும் தளத்தின் பெயர் வெளியே தெரியும். அதை வைத்தே தடுத்துவிடலாம்.

* உள்ளே பார்த்தல்: ஆபீஸ் லேப்டாப்பில் நிறுவனத்தின் சான்றிதழைப் பதிந்து, மறையாக்கத்தைப் பிரித்துச் சோதிப்பது. வலுவான வழி. ஆனால் ஊழியரின் அந்தரங்கமும் இதில் அடங்கிவிடுகிறது. அதனால் வங்கி, மருத்துவத் தளங்களுக்குப் பல இடங்களில் விலக்கு தருகிறார்கள்.

அப்போ என்ன செய்யலாம்?

வேலைக்குத் தேவையான தளம் என்றால், ஐ.டி. டீமிடம் அனுமதி கேளுங்கள். சொந்த விஷயம் என்றால் சொந்த போன், சொந்த டேட்டா. ப்ராக்ஸி பிளாக் ஆனாலும் நீங்கள் முயன்றது லாகில் பதிவாகியிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

ஐ.டி. டீமுக்கும் இதில் பொறுப்பு உண்டு. வேலைக்கு வேண்டிய ஒரு தளத்தைத் திறந்துவிட ஒரு வாரம் ஆகும் ஆபீஸில், ஊழியர் ப்ராக்ஸி தேடத்தான் செய்வார். தடை எவ்வளவு வலுவோ, அனுமதி அவ்வளவு வேகமாகக் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ப்ராக்ஸியை அடைத்ததும் அடுத்ததைத் தேடும் கதை முடியாது.