மறையூர் முனியறைகள்

"பிழைப்புக்காக இங்கே வந்தவர்கள் நாம், இந்த மலைக்கும் நமக்கும் என்ன உறவு?" என்று நம் சங்கத்து இளைஞர் ஒருவர் ஒருநாள் என்னைக் கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. சென்ற தை மாதத்தில் அவரையும் உடன் அழைத்துக்கொண்டு மறையூருக்குச் சென்று வந்தேன். அந்தப் பயணத்தை நம் குடும்பத்தார்க்குச் சொல்ல விரும்புகிறேன்.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சென்று சின்னாற்றைக் கடந்தால் இடுக்கி மாவட்டம். கேரளம் என்றதும் ஓயாத மழையை எண்ணுவோர் இங்கே திகைத்துப்போவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவிலேயே தன் நீரைக் கொட்டிவிடுவதால், இப்புறத்தில் ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர்தான். கள்ளியும் முட்புதரும் காய்ந்த பாறையுமாகக் கிடக்கிறது பூமி. இங்கு ஓடும் பாம்பாறு அமராவதியோடு கலந்து காவிரியை அடைகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே பாய்வன மூன்றே. பாலக்காட்டு அட்டப்பாடியில் ஓடும் பவானியும் அவற்றுள் ஒன்று.

மறையூரை அடுத்த கோவில்கடவில், பாம்பாற்றங்கரைப் பாறைமேட்டில் முனியறைகள் இருக்கின்றன. நான்கு பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியிருக்கிறார்கள். சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. முனிவர்கள் தவம் செய்த அறைகள் என்பது ஊரார் நம்பிக்கை. பாண்டவர் மறைந்திருந்த ஊரே மறையூர் என்றும் சொல்வார்கள். ஆராய்ச்சியாளர்களோ இவற்றைக் கல்திட்டை என்பர். இரும்பைக் கையாண்ட பெருங்கற்கால மக்கள், இறந்தோர் நினைவாக இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பியவை. பக்கத்துப் பழனி மலையிலும் இவை உண்டு. பாதிரியார் ஆங்கிலேட் என்பவரும் நியூட்டன் என்பவரும் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை, இந்தியத் தொல்பொருள் துறை 1928 இல் வெளியிட்டது.

அங்கே ஒரு கல்லில் பல பெயர்கள் கீறப்பட்டிருந்தன. பாதிக்குமேல் தமிழ் எழுத்து! அதைக் கண்டு நான் நாணி நின்ற வேளையில், நம் இளைஞரும் ஒரு கூர்ங்கல்லைக் கையில் எடுத்துவிட்டார். வழிகாட்டியாக வந்த முதுவர் குலப் பெரியவர், "வேண்டாம் தம்பி, செத்தவங்க வீடு இது. நம்ம வீட்டுச் சுவத்துல யாராச்சும் கிறுக்கினா விடுவோமா?" என்றார். அவர் குரலில் கோபமில்லை. கல் கீழே விழுந்தது.

மறுநாள், வனத்துறையின் அனுமதி பெற்று, எழுத்தளை என்னும் ஓவியக் குகையை நோக்கிப் புறப்பட்டோம். 'அளை' என்பது குகையைக் குறிக்கும் பழஞ்சொல், புறநானூற்றிலும் வருவது. சந்தனக் காட்டுக்குள்ளே பாதை என்று ஒன்றும் இல்லை. பெரியவர் பாறையையும் மரத்தையும் அடையாளம் வைத்து நடந்தார். குறுக்குவழி கண்டுவிட்டதாக எண்ணி நான் சற்று விலகினேன். பத்தே நிமிடத்தில் முட்புதரில் சிக்கிக்கொண்டேன். வேட்டி கிழிந்தது, தண்ணீரும் தீர்ந்தது. எங்கோ கிளை முறியும் ஓசை கேட்டதும், யானையோ என்று உள்ளம் நடுங்கியது. பெரியவர் திரும்பி வந்து, "ஐயா, காட்டுல பின்னால வரணும், முன்னால போகக் கூடாது" என்று சொல்லித் தம் குடுவையை நீட்டினார். அறுபது வயதில் கற்ற பாடம் அது.

கவிழ்ந்த பாறையின் கீழே, காவியிலும் வெண்மையிலும் மான்கள், மனித உருவங்கள். மழையும் வெயிலும் அழிக்காதவை. நம் இளைஞர் இரு கைகளையும் முதுகுக்குப்பின் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

இவற்றை ஆக்கியோர் பேசிய மொழி இன்னதென்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆதலால் நம் முன்னோர் என்று உரிமை கொண்டாடவும் வேண்டியதில்லை. ஆனால், இம்மலைக்கு வந்து குடியேறியோர் நாம் மட்டும் அல்லர். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் அஞ்சுநாட்டு மக்களும், தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்றே வழிவழியாகச் சொல்கிறார்கள். வந்தவர் எவராயினும், ஊரிலுள்ள பழம்பொருளைக் காப்பவர்க்கு அவ்வூர் சொந்தமாகிறது. இளைஞரின் கேள்விக்கு நான் கண்ட விடை இதுவே.

கொரிய நாட்டுக் கல்திட்டைகள் 2000 ஆம் ஆண்டிலேயே உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. நம் அருகிலுள்ளவற்றுக்கு அத்தகைய புகழ் இல்லாவிடினும், நம் மதிப்பாவது கிடைக்கட்டும். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். காட்டுக்குள் அனுமதியும் வழிகாட்டியும் இன்றிப் போகாதீர்கள். கல்லின்மேல் ஏறாதீர்கள்; உள்ளே அடுப்பு மூட்டாதீர்கள். உங்கள் பெயரை அங்கே எழுதாமல் திரும்புங்கள். தமிழர்க்கு அதுவே நற்பெயர்.