டிசம்பர் வந்தாலே மனசு கனக்குதா? திருவருகைக் காலம் தரும் ஆறுதல்!

தெருவெல்லாம் நட்சத்திர விளக்கு, ஸ்டேட்டஸ் முழுக்க கேக் போட்டோ. ஆனா, உங்களுக்கு மட்டும் எதிலுமே மனசு ஒட்டலையா? இந்த வருஷம் வீட்டில் ஒருவரை இழந்திருக்கலாம். இன்டர்வியூ முடிஞ்சும் பதில் வராம இருக்கலாம். ஊருக்குப் போக லீவு கிடைக்காம இருக்கலாம். 'எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, நான் மட்டும் ஏன் இப்படி?'ன்னு குற்ற உணர்ச்சி வேண்டாம். அந்த மனநிலைக்கும் கிறிஸ்தவ வழிபாட்டில் ஓர் இடம் இருக்கு. அதுதான் திருவருகைக் காலம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கியது இது. ஆங்கிலத்தில் 'அட்வென்ட்'. 'வருகை' என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். கொண்டாட்டம் அப்புறம்தான், முதலில் காத்திருப்பு. கத்தோலிக்க ஆலயங்களில் குருவானவர் ஊதா உடை அணிவார். இந்த ஞாயிறு திருப்பலிகளில் 'வானவர் கீதம்' பாடுவதில்லை. கிறிஸ்துமஸ் இரவுக்காக அதை நிறுத்தி வைக்கிறாங்க. ஆலயமே பாட்டை ஒத்திப்போடும்போது, நீங்க மட்டும் எதுக்கு வலுக்கட்டாயமா சிரிக்கணும்?

சக்கரத்தில் ஏற்றிய விளக்கு

1839. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திவந்தார் ஜோஹன் ஹின்ரிக் விசெர்ன் என்ற போதகர். 'கிறிஸ்துமஸ் எப்ப வரும்?' என்பதுதான் அந்தப் பிள்ளைகளின் ஓயாத கேள்வியாம். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை வரிசையாக வைத்தார். வாரநாள்களுக்குச் சின்னது, ஞாயிறுகளுக்குப் பெரியது. தினமும் ஒன்று ஏற்றப்பட்டது. நாள் குறையக் குறைய, வெளிச்சம் கூடியது. பிற்பாடு அது பசுந்தழை வளையத்தில் நான்கு மெழுகுவத்தி வைக்கும் வழக்கமாச்சு. மூன்று ஊதா, ஒன்று ரோஸ். மூன்றாம் ஞாயிறு ஏற்றும் அந்த ரோஸ், 'பாதிக்கு மேல தாண்டியாச்சு, மகிழ்ச்சி பக்கத்துல வந்தாச்சு' என்பதன் அடையாளம்.

நீங்க என்ன செய்யலாம்?

ஞாயிறு மாலை பத்து நிமிஷம் போனை சைலன்ட்ல போடுங்க. ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க. எதுக்காகக் காத்திருக்கீங்கன்னு மறைக்காம ஒரு வரி எழுதுங்க. ஜெபம் வந்தா ஜெபிங்க. வரலைன்னா சும்மா உட்காருங்க. அடுத்த வாரம் இரண்டு, அதற்கடுத்து மூன்று. ஹாஸ்டல்ல தனியா இருந்தா, வீட்டுக்கு வீடியோ கால் போட்டு சேர்ந்தே ஏத்தலாம். மனசின் பாரம் தாங்க முடியலைன்னா, நம்பிக்கையான ஒருத்தர்கிட்டயோ மனநல ஆலோசகர்கிட்டயோ பேசிடுங்க.

முதல் வாரம் ஒரே ஒரு சுடர்தான். அறை முழுக்க வெளிச்சம் வராது. பக்கத்தில் இருக்கிறவங்க முகம் தெரியும். அந்த வாரத்துக்கு அது போதும்!