மருந்தேறும் நாளில் துணைவர் பணி

குண்டசாலையிலிருந்து மகாவலியைக் கடந்து, கண்டித் தேசிய வைத்தியசாலைக்கு மனைவியை இரசாயனச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் கணவர், உடனிருந்தாற் போதுமென்று எண்ணலாகாது. மருந்து இறங்குகையில் ஊசியேற்றிய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ தாதிக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

விரைந்து பெருகும் புற்றுநோய்க் கலங்களைத் தாக்கும் இம்மருந்து, மயிர்க்கால், குடல், குருதியை ஆக்கும் என்பு மச்சை ஆகியவற்றின் நற்கலங்களையும் தாக்குகிறது. ஆதலால் மயிர் உதிரலாம், குமட்டல் எழலாம். உண்ணுமாறு வற்புறுத்தாது, கஞ்சியைச் சிறிது சிறிதாகக் கொடுத்தல் நன்று.

வீடு திரும்பியதும் பணி முடிவதில்லை. பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் நோயெதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைகின்றன. அந்நாட்களில் உடல்வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டினால், காய்ச்சல் மாத்திரை கொடுத்து விடியலுக்குக் காத்திராது, நள்ளிரவாயினும் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். ஆறுதல் மொழியோடு வெப்பமானியும் துணைவர் கையில் இருக்கட்டும்.