கண்ணாடிக்குள் குளிரும் சொர்க்கம்

சிராங்கூன் சாலையில் நண்பகலில் பத்து நிமிடம் நடந்தாலே சட்டை நனைந்துவிடும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மரினா பேயில் உள்ள கரையோரப் பூந்தோட்டத்தின் மலர்க் கூடத்தில் வெப்பநிலை 23 முதல் 25 டிகிரி செல்சியஸ்தான். மத்தியத் தரைக்கடல் பகுதியின் ஒலிவ மரங்கள் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இங்கே வளர்கின்றன.

கடலைத் தூர்த்து மீட்ட நிலத்தில் உருவான இந்தத் தோட்டம் 2012 ஜூனில் திறக்கப்பட்டது. மொத்தப் பரப்பளவு 101 ஹெக்டர். கேட்டதெல்லாம் தரும் கற்பகத்தரு வானுலகில் இருப்பதாக நம் புராணங்கள் சொல்லும். இங்கே 25 முதல் 50 மீட்டர் வரை உயரமுள்ள 18 செயற்கை மரங்கள் நிற்கின்றன. சில சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் தருகின்றன; சில கொதிகலனின் புகைபோக்கியாகவும் பயன்படுகின்றன.

அந்தக் கொதிகலனுக்கு எரிபொருள், தீவெங்கும் வெட்டப்படும் மரக்கிளைகள். நம் அடுக்குமாடி வீடுகளின் ஓரத்தில் கழித்த கிளையும் அங்கே போய்ச் சேரலாம். எரிப்பதில் கிடைக்கும் மின்சாரம் குளிரூட்டும் இயந்திரங்களை இயக்குகிறது. சாம்பல் செடிகளுக்கு உரமாகிறது.

சூட்சுமம் ஈரப்பதத்தில் இருக்கிறது. ஈரக்காற்றைக் குளிர்விக்க அதிக மின்சாரம் செலவாகும். அதனால் ஈரத்தை உறிஞ்சும் ஒரு திரவத்தைக் கொண்டு காற்றை முதலில் உலர்த்துகிறார்கள். ஈரம் ஏறிய திரவத்தை மீண்டும் உலர்த்தக் கொதிகலனின் மிச்ச வெப்பமே போதும். கூடம் முழுவதையும் குளிர்விப்பதும் இல்லை. மனிதரும் செடிகளும் இருக்கும் கீழ்ப்பகுதி மட்டும் குளிர்கிறது. சூடான காற்று மேலே எழுந்து வெளியேறிவிடும்.

நம்மை வாட்டுவதும் அதே ஈரம்தான். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, உடல் சூடு தணியாது. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாகி, 1983ஆம் ஆண்டின் உச்சத்தைத் தொட்டது. வெயிலில் கட்டுமானத் தளத்திலும் சாலையோரத்திலும் நிற்கும் நம் தமிழ் ஊழியர்களுக்குக் கண்ணாடிக் கூடம் கிடையாது. அவர்களுக்காக 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு ஒரு விதி கொண்டுவந்தது. ஈரப்பதம், வெயில், காற்று ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 33 டிகிரியை எட்டினால், வெளியில் கடினமான உடலுழைப்பில் இருப்போருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தரவேண்டும்.

கூடத்துக்குள் நுழையக் கட்டணம் உண்டு. இந்த ஓய்வுக்குக் கட்டணம் இல்லை. அது ஊழியரின் உரிமை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் சந்திக்கும் தம்பியிடம் இதைச் சொல்லி வையுங்கள்.